ஒன்றரை சதவீத முத்திரைத் தீர்வை: எச்.எஸ்.பி.சி. வழக்கும் அதன் முன்பின்னும்

பிரிட்டனில் ஒரு கம்பெனியின் பங்கு விலைக்குக் கைமாறும்போது அந்த விலையில் அரை சதவீதம் அரசுக்குப் போகிறது. முத்திரைத் தீர்வை எனப்படும் இந்த வரியின் வேர் 1694-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. மூன்றாம் வில்லியமும் இரண்டாம் மேரியும் இணைந்து ஆண்ட காலம் அது. பிரான்சுடன் நடந்த போருக்குப் பணம் வேண்டியிருந்தது. தோலிலும் தாளிலும் எழுதப்படும் ஆவணங்களுக்கு முத்திரை பெற வேண்டும், அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று நாடாளுமன்றம் நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் விதித்தது. டச்சுக்காரர்கள் 1624-இலேயே நடைமுறைப்படுத்திய முறைதான். நான்கு ஆண்டுகளுக்கென்று வந்த வரி போர் முடிந்த பின்னும் நிலைத்தது. பங்கு மாற்றுப் பத்திரங்களும் அதற்குள் அடங்கின.

இந்த வரி விழுந்தது தாளின் மேல். வாங்கினவர் யார், விற்றவர் யார், அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்தது என்பதை அரசு கேட்கவில்லை. எழுதிக் கையொப்பமிட்ட ஆவணம் இருந்தால் தீர்வை உண்டு, ஆவணம் இல்லையென்றால் தீர்வை இல்லை. வசூலுக்கு ஆள் அனுப்ப வேண்டிய தேவையும் எழவில்லை. 1891-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின்படி, முத்திரை பெறாத ஆவணத்தைச் சிவில் வழக்கில் சாட்சியமாக ஏற்க முடியாது. முத்திரையில்லாத பங்கு மாற்றுப் பத்திரத்தைத் தன் பதிவேட்டில் ஏற்றும் கம்பெனிச் செயலருக்கு 10 பவுண்ட் அபராதம். பதிவேட்டில் பெயர் ஏறாமல் பங்குதாரர் ஆக முடியாது. ஆகவே வாங்கியவரே ஓடிவந்து தீர்வையைக் கட்டினார். குறைந்த செலவில் இவ்வளவு ஒழுங்காக வந்து சேர்ந்த வரி பிரிட்டிஷ் கருவூலத்துக்கு வேறு அதிகம் இருந்ததில்லை.

தாளின் மேல் வரி என்ற ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. 1867-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், கையில் வைத்திருப்பவருக்கே உரியதாகிற பங்குப் பத்திரங்களை வெளியிட அனுமதித்தது. இவற்றை விற்க மாற்றுப் பத்திரம் எழுத வேண்டியதில்லை. கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் போதும். பத்திரம் நூறு கை மாறினாலும் அரசுக்கு ஒரு முத்திரைகூட வராது. இதற்குச் சட்டம் கண்ட மருந்து எளியது: பத்திரம் வெளியாகும்போதே, அந்தப் பங்கை ஒரு முறை மாற்றினால் எவ்வளவு தீர்வை வருமோ அதைப் போல் மூன்று மடங்கை வாங்கிக்கொள்வது. 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் இந்த மூன்று மடங்கு விதி தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. இனி நடக்கப்போகும் எல்லாக் கைமாற்றங்களுக்கும் சேர்த்து முன்கூட்டியே ஒரு மொத்தத் தொகை என்பது அதன் உட்பொருள். ஏன் மூன்று, ஏன் இரண்டோ ஐந்தோ இல்லை என்பதற்கு விதியில் விளக்கம் கிடையாது. ஒரு மதிப்பீடாகப் பிறந்த எண் அது. நூறு ஆண்டுக்குப் பின் நடந்த ஒரு பெரிய வழக்கின் மையத்தில் நின்றதும் அதே எண்தான்.

தீர்வையின் வீதம் அரசியலோடு சேர்ந்து ஏறி இறங்கியது. 1891-இல் அரை சதவீதம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947-இல், நிதியமைச்சர் ஹியூ டால்டன் அதை 2 சதவீதமாக்கினார். 1963-இல் பங்குகளுக்கு 1 சதவீதமாக இறங்கியது. 1974-இல் டெனிஸ் ஹீலி மறுபடி 2 சதவீதத்துக்குக் கொண்டுபோனார். 1984-இல் நைஜல் லாசன் அதைப் பாதியாக்கினார். வீதம் ஏறிய காலங்களில் தாளைத் தவிர்க்கும் உத்திகளும் பெருகின. லண்டன் பங்குச் சந்தையில் இரண்டு வாரக் கணக்குக் காலம் என்ற முறை இருந்தது. அந்தக் காலத்துக்குள் வாங்கி அதற்குள்ளேயே விற்றுவிட்டால் இடையிலிருந்தவர் பெயரில் எந்த மாற்றுப் பத்திரமும் எழுதப்படாது, தீர்வையும் இல்லை. புதிதாக ஒதுக்கப்பட்ட பங்குகளை ஒதுக்கீட்டுக் கடிதத்தின் மூலமே பிறருக்கு விட்டுக்கொடுக்கும் வழியும் அப்படித்தான்.

எல்லாவற்றிலும் பெரிய வழி அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனது. 1927-இல் நியூயார்க்கின் கேரண்டி டிரஸ்ட் கம்பெனி, லண்டனின் செல்ஃப்ரிட்ஜஸ் கடையின் பங்குகளை அமெரிக்கர்கள் எளிதாக வாங்க ஒரு சீட்டை உருவாக்கியது. பிரிட்டிஷ் பங்குகள் ஒரு வங்கியின் பெயரில் பதிவாகி அப்படியே இருக்கும். அவற்றுக்கு எதிராக அந்த வங்கி அமெரிக்காவில் ரசீதுகளை வெளியிடும். அமெரிக்கச் சந்தையில் கைமாறுவது அந்த ரசீதுதான். ஏ.டி.ஆர். என்று இன்று வணிகப் பக்கங்களில் படிக்கும் அமெரிக்க டெபாசிட்டரி ரசீதின் தொடக்கம் இதுதான். 1999-இல் இன்ஃபோசிஸ் நாஸ்டாக் சந்தைக்குப் போனதும் இதே வழியில்தான். லண்டனில் உள்ள பதிவேட்டில் வங்கியின் பெயர் மாறாமல் இருப்பதால், நியூயார்க்கில் எத்தனை முறை ரசீது கைமாறினாலும் பிரிட்டிஷ் முத்திரைத் தீர்வைக்கு வேலையில்லை. 1980-களின் நடுவில் கிளாக்ஸோ, ஜாகுவார் போன்ற கம்பெனிகளின் பங்குகள் பெரிய அளவில் ரசீதுகளாகவே அமெரிக்காவில் விற்பனையாகின. லண்டன் சந்தையின் வியாபாரம் வரியில்லாத ஊருக்குக் குடிபெயர்கிறது என்ற கவலை கருவூலத்தைப் பிடித்தது.

1986 மார்ச் 18-இல் லாசன் கொண்டுவந்த பட்ஜெட் இந்த எல்லா வழிகளையும் ஒரே வீச்சில் அடைக்கப் பார்த்தது. அந்த ஆண்டு அக்டோபர் 27-இல் லண்டன் பங்குச் சந்தை தன் பழைய தரகு முறையைக் கைவிட்டுக் கணினித் திரைக்கு மாறவிருந்தது. ‘பிக் பேங்’ என்று பெயர் பெற்ற நாள் அது. அன்றுமுதல் தீர்வை 1 சதவீதத்திலிருந்து அரை சதவீதமாகக் குறையும் என்று லாசன் அறிவித்தார். குறைத்த வருவாயை ஈடுகட்ட வரியின் பரப்பை விரித்தார். அதற்காகப் பிறந்தது ‘ஸ்டாம்ப் டியூட்டி ரிசர்வ் டாக்ஸ்’ என்ற புதிய வரி. இந்த ரிசர்வ் வரிக்கு ஆவணம் தேவையில்லை. பங்கை மாற்றுவதாக ஒப்புக்கொண்டாலே வரி விழும். மூன்று நூற்றாண்டாகத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்த வரி முதல்முறையாகப் பேச்சைப் பிடித்தது. சந்தை கணினிக்கு மாறும் நாளில் வரியும் தாளைவிட்டு இறங்கியதற்கு லாசனின் முன்யோசனையைப் பாராட்டத்தான் வேண்டும்.

டெபாசிட்டரி ரசீதுகளுக்குத் தனி விதி. ரசீது வெளியிடும் வங்கியிடம் பங்கு போய்ச் சேரும் அந்த ஒரு தருணம்தான் பிரிட்டிஷ் சட்டத்தின் கைக்கு எட்டும் கடைசித் தருணம். அதற்குப் பின் நடப்பதெல்லாம் வெளிநாட்டில். ஆகவே அங்கேயே பெரிய வரி ஒன்றை வைத்துவிட வேண்டும் என்று கருவூலம் கணக்குப் போட்டது. லாசன் முதலில் சொன்ன வீதம் 5 சதவீதம். எதிர்ப்பு உடனே கிளம்பியது. அமெரிக்க முதலீட்டாளர்களை பிரிட்டிஷ் கம்பெனிகளிடமிருந்து விரட்டும் வரி இது என்றார்கள். நிதிச் சட்டமாக நிறைவேறியபோது வீதம் 1.5 சதவீதமாகியிருந்தது. அரை சதவீதத்தின் மூன்று மடங்கு. 1891-ஆம் ஆண்டு அட்டவணையில் இருந்த அதே கணக்கு. பிற்காலத்தில் வரி அதிகாரிகளே இதை ‘சீசன் டிக்கெட்’ என்று குறிப்பிட்டார்கள். ரயில் பயணி மாதத் தொடக்கத்தில் ஒரு முறை பணம் கட்டிவிட்டுப் பின் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வருவதுபோல, உள்ளே நுழையும்போது 1.5 சதவீதம் கட்டிவிட்டால் உள்ளே நடக்கும் கைமாற்றங்களுக்கு மேற்கொண்டு வரி இல்லை.

இதே விதி இன்னொரு வகை அமைப்புக்கும் நீட்டப்பட்டது. ஐரோப்பிய நகரங்களில் பங்கு வியாபாரத்தின் கணக்கை முடித்துக் கொடுக்கும் கிளியரிங் நிறுவனங்கள் இருந்தன: பாரிஸின் சிகோவம், பிரஸ்ஸல்ஸின் யூரோகிளியர், பிற்காலத்தில் கிளியர்ஸ்ட்ரீம் என்று பெயர் பெற்ற லக்சம்பர்க் நிறுவனம். பங்குகள் இவற்றின் சார்பில் ஒரு நாமினி கம்பெனியின் பெயரில் பதிவாகியிருக்கும். வாங்குபவர், விற்பவர் பெயர்கள் கிளியரிங் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் மாறும். இங்கும் உள்நுழையும் இடத்தில் 1.5 சதவீதம். 1996-இல் ஒரு மாற்றுவழி திறந்தது: ஒரு கிளியரிங் நிறுவனம் விரும்பினால், ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் அரை சதவீதத்தை வசூலித்துத் தருவதாக பிரிட்டிஷ் வருவாய்த் துறையிடம் ஒப்புக்கொள்ளலாம், அப்போது நுழைவு வரி இல்லை. வேறொரு நாட்டின் வரியைத் தன் வாடிக்கையாளர்களிடம் தானே வசூலிக்கும் பொறுப்பை ஏற்க சிகோவம் முன்வரவில்லை.

விதியின் சொற்களில் ஒரு சிறு விஷயம் பொதிந்திருந்தது. பழைய பங்கு ஒன்று நாமினியின் பெயருக்கு மாற்றப்பட்டாலும் வரி. கம்பெனி புதிதாக வெளியிடும் பங்கு நேராக நாமினிக்குப் போனாலும் வரி. இரண்டுக்கும் சட்டம் வேறுபாடு காட்டவில்லை. பிரிட்டனுக்குள்ளே புதுப் பங்கு வெளியிட்டால் அதை யாரும் யாருக்கும் மாற்றுவதில்லை. ஆகவே முத்திரைத் தீர்வையும் இல்லை, ரிசர்வ் வரியும் இல்லை. 100 பவுண்ட் மதிப்புள்ள புதுப் பங்கு லண்டன்வாசிக்குப் போனால் வரி சுழி. அதே பங்கு பாரிஸ் கிளியரிங் வழியாக பிரெஞ்சுக்காரருக்குப் போனால் ஒன்றரை பவுண்ட். இந்த ஏற்றத்தாழ்வு பிற்பாடு நீதிமன்றம் வரை போனதில் வியப்பில்லை. அதுவரை ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆனதுதான் வியப்பு.

ஏனென்றால் அதைத் தடுக்கும் ஐரோப்பியச் சட்டம் அந்த வரிக்கு முன்பே பிறந்துவிட்டது. 1969 ஜூலை 17-இல் ஐரோப்பியச் சமூகத்தின் அமைச்சரவை 69/335 என்ற எண்ணுடைய ஆணையைப் பிறப்பித்தது. கம்பெனிகள் மூலதனம் திரட்டும்போது ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி வரி போட்டால் பணம் எல்லை தாண்டி நகராது என்பது அதன் கவலை. மூலதனத் தீர்வை என்ற ஒரே ஒரு வரியை ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் போடலாம். அதற்கு மேல் பங்குகளை உருவாக்குவதன் மேலோ, வெளியிடுவதன் மேலோ, சந்தைப் பட்டியலில் சேர்ப்பதன் மேலோ எந்த வரியும் கூடாது என்று அதன் 11-ஆம் பிரிவு சொன்னது. 12-ஆம் பிரிவு ஒரு விதிவிலக்கைக் கொடுத்தது: பங்குகளின் கைமாற்றத்தின் மேல் வரி போடலாம். பிரிட்டன் 1973-இல் சமூகத்தில் சேர்ந்தபோது இந்த ஆணையும் அதைக் கட்டுப்படுத்தியது. அந்த ஆண்டு அறிமுகமான மூலதனத் தீர்வையை லாசனே 1988-இல் ஒழித்தார். இவ்வாறு 11-ஆம் பிரிவு தடுப்பதும் 12-ஆம் பிரிவு அனுமதிப்பதும் அருகருகே நின்றன. வெளியீடு எங்கே முடிகிறது, கைமாற்றம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு விடை சொல்லாமலே பிரிட்டனின் 1.5 சதவீத வரி இரண்டின் மேலும் படர்ந்திருந்தது.

முத்திரைத் தீர்வையே ஒழிந்துவிடும் என்று ஒரு கட்டத்தில் எல்லோரும் நம்பினார்கள். லண்டன் பங்குச் சந்தை ‘டாரஸ்’ என்ற தாளில்லாப் பதிவு முறையைக் கட்டிக்கொண்டிருந்தது. அது தொடங்கும்போது பங்குகள் மீதான தீர்வை நீங்கும் என்று 1990 பட்ஜெட்டில் ஜான் மேஜர் அறிவித்தார். அதற்கான சட்டமும் நிறைவேறியது, நாள் மட்டும் குறிக்கப்படவில்லை. டாரஸ் திட்டம் செலவிலும் சிக்கலிலும் மூழ்கி 1993 மார்ச்சில் கைவிடப்பட்டது. அதனிடத்தில் 1996-இல் ‘கிரெஸ்ட்’ வந்தது. தாளில்லாமல் வேலை செய்த கிரெஸ்ட், ரிசர்வ் வரியைக் கணினியிலேயே கணக்கிட்டுக் கழித்துக்கொண்டது. ஒழிய வேண்டிய வரிக்கு முன்னெப்போதும் இல்லாத வசூல் வசதி கிடைத்துவிட்டது. பிறகு அதை யாரும் கைவிடவில்லை. இதே 1996-இல் இந்தியா எதிர்த்திசையில் நடந்தது: டெபாசிட்டரிச் சட்டத்தின் வழியாக, டீமேட் பங்குகளின் கைமாற்றத்துக்கு முத்திரைத் தீர்வை கிடையாது என்று விலக்களித்தது. மின்னணு வியாபாரத்தின் மேல் நாடு முழுவதும் ஒரே சீராகத் தீர்வை வந்தது 2020 ஜூலை 1-இல்தான்.

ஒன்றரை சதவீதத்தின் சோதனைக் காலம் 2000-இல் வந்தது. ஹாங்காங்கில் 1865-இல் தொடங்கிய வங்கியின் வழிவந்த எச்.எஸ்.பி.சி., மிட்லண்ட் வங்கியை வாங்கிய பின் 1993-இல் தலைமையகத்தை லண்டனுக்கு மாற்றியிருந்தது. 2000 ஏப்ரலில் அது பிரான்சின் பெரிய வங்கிகளில் ஒன்றான கிரெடி கொமெர்சியால் த ஃபிரான்ஸை வாங்க முன்வந்தது. பிரெஞ்சு வங்கியின் பங்குதாரர்கள் பணமாகவோ எச்.எஸ்.பி.சி.யின் புதுப் பங்குகளாகவோ பெற்றுக்கொள்ளலாம். பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பங்குகளைப் பாரிஸிலேயே விற்று வாங்க முடிய வேண்டும், ஆகவே எச்.எஸ்.பி.சி. பாரிஸ் சந்தையிலும் பட்டியலில் சேர்ந்தது. பாரிஸில் வியாபாரமாகும் பங்குகள் சிகோவம் வழியாகவே போக வேண்டும். பங்குகள் சிகோவத்துக்காக விடாகோஸ் என்ற நாமினி கம்பெனியின் பெயரில் வெளியிடப்பட்டன. வெளியீட்டு விலையில் 1.5 சதவீதம் ரிசர்வ் வரி; சுமார் 2.7 கோடி பவுண்ட். அதை ஏற்றுக்கொண்டது எச்.எஸ்.பி.சி.யே.

வரியைக் கட்டிவிட்டு வங்கியும் விடாகோஸும் அதைத் திருப்பிக் கேட்டன. வருவாய்த் துறை மறுத்தது. சிறப்பு ஆணையர்கள் என்ற வரித் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்தது. இது ஐரோப்பியச் சட்டத்தின் பொருளைப் பற்றிய கேள்வி என்று கண்ட தீர்ப்பாயம், 2007 டிசம்பரில் அதை லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. சி-569/07 என்ற எண்ணில் பதிவான வழக்கு அது.

பிரிட்டிஷ் அரசின் வாதம் இரண்டு கால்களில் நின்றது. முதலாவது, கிளியரிங் நிறுவனத்தின் நாமினி பங்கைப் பெறுவது கைமாற்றத்தைச் சேர்ந்தது; அதற்கு 12-ஆம் பிரிவு இடம் தருகிறது. இரண்டாவது, 1.5 சதவீதம் என்பது வெளியீட்டின் மேலான வரியே அல்ல. பிற்பாடு நடக்கவிருக்கும் கைமாற்றங்களுக்கு வரவேண்டிய அரை சதவீதங்களுக்கு ஈடாக முன்கூட்டியே வாங்கும் தொகை. விரும்பினால் கிளியரிங் நிறுவனம் மாற்றுவழியைத் தேர்ந்து இதைத் தவிர்த்திருக்கலாம் என்பதும் அதனோடு சேர்ந்தது. கவனித்தால், இரண்டாவது வாதம் 1891-ஆம் ஆண்டு அட்டவணையின் குரல்தான். கையில் இருப்பவருக்குரிய பத்திரத்துக்கு மூன்று மடங்கு வாங்கியபோது அந்த நியாயம் எவருக்கும் உறுத்தவில்லை. ஆனால் 1891-இல் பங்கு வெளியீட்டைக் காக்கும் மேல்சட்டம் ஒன்று இல்லை. 1969-க்குப் பின் இருந்தது.

நீதிமன்றத்துக்கு முன்மாதிரியும் இருந்தது. பெல்ஜியம் பங்குச் சந்தை வியாபாரத்தின் மேல் போட்ட வரியை, புதிதாக வெளியான பத்திரங்களை முதன்முதலில் வாங்குபவர்களிடமும் வசூலித்துவந்தது. 2004 ஜூலை 15-இல் வந்த தீர்ப்பில் நீதிமன்றம் அதைத் தடை செய்தது. பத்திரத்தை வெளியிடுவது என்பது ஒருவர் அதை எடுத்துக்கொள்ளும்போதுதான் நிறைவேறுகிறது. முதலில் எடுத்துக்கொள்பவரிடம் வரி வாங்கினால் அது வெளியீட்டின் மேல் வாங்கிய வரிதான் என்பது அதன் சாரம்.

2009 அக்டோபர் 1-இல் வந்த எச்.எஸ்.பி.சி. தீர்ப்பு இதே தடத்தில் நடந்தது. மூலதனத்தைத் திரட்டக் கம்பெனி புதுப் பங்கு வெளியிடும்போது, அதை முதலில் பெறுபவரின் செயலை வெளியீட்டிலிருந்து பிரித்து எடுக்க முடியாது. அதைக் கைமாற்றம் என்று பெயரிட்டு 12-ஆம் பிரிவுக்குள் நுழைத்தால் 11-ஆம் பிரிவின் தடை வெறும் எழுத்தாகிவிடும். ஏனெனில் யாரும் பெற்றுக்கொள்ளாத வெளியீடு என்று ஒன்று கிடையாது. பிற்பாடு வரும் கைமாற்றங்களுக்கு ஈடு என்ற வாதமும் நிற்கவில்லை. அந்தக் கைமாற்றங்கள் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். வரி விழுந்த நேரத்தில் நடந்திருந்தது வெளியீடு மட்டுமே. ஆகவே கிளியரிங் நிறுவனத்துக்குப் பங்கு வெளியிடும்போது 1.5 சதவீதம் வாங்குவது ஆணைக்கு முரண் என்று நீதிமன்றம் முடிவு கட்டியது. மூலதனத்தின் தடையற்ற நகர்வு, நிறுவனம் அமைக்கும் உரிமை ஆகியவை பற்றி எழுப்பிய மற்றக் கேள்விகளுக்குப் போக வேண்டிய தேவையே வரவில்லை.

தீர்ப்பின் நேர்மை அதன் எளிமையில் இருக்கிறது. கைமாறுவதற்கு இரண்டு கை வேண்டும். பழைய பங்கில் கொடுக்கும் கை ஒரு பங்குதாரருடையது. புதுப் பங்கில் கொடுப்பது கம்பெனியே, அதற்கு முன் அந்தப் பங்கு எவரிடமும் இல்லை. நிர்வாக வசதிக்காக 1986-இல் இந்த இரண்டையும் ஒரே விதிக்குள் வைத்தவர்கள் இந்த வேறுபாட்டை அறியாதவர்கள் அல்லர். பங்கு கண்ணைவிட்டு மறைவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களை அப்படிச் செய்ய வைத்தது. அந்த அவசரத்தின் சுமை, ஐரோப்பாவில் மூலதனம் திரட்ட முயன்ற ஒவ்வொரு பிரிட்டிஷ் கம்பெனியின் மேலும் விழுந்தது.

வருவாய்த் துறை தீர்ப்பை முடிந்தவரை குறுக்கிப் படித்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் உள்ள அமைப்புகளுக்குப் புதுப் பங்கு வெளியிட்டால் மட்டும் வரி இல்லை. நியூயார்க்கின் டெபாசிட்டரிக்கு வெளியிட்டால் வரி உண்டு என்றது. ஐரோப்பிய அமைப்புக்குள் வரியின்றி நுழைந்து, அங்கிருந்து அமெரிக்க ரசீதாக மாறும் சந்து திறந்திருப்பதைக் கண்டு, 2010 நிதிச் சட்டத்தில் அதையும் அடைத்தது. ஆனால் எச்.எஸ்.பி.சி.யிடம் இன்னொரு வழக்கு தயாராக இருந்தது. 2003-இல் அது ஹவுஸ்ஹோல்ட் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கக் கடன் நிறுவனத்தை வாங்கியிருந்தது. அமெரிக்கப் பங்குதாரர்களுக்கு ரசீது கொடுப்பதற்காகப் புதுப் பங்குகளை டெபாசிட்டரியான பேங்க் ஆஃப் நியூயார்க்குக்கு வெளியிட்டு, அதற்கும் 1.5 சதவீதம் கட்டியிருந்தது. பேங்க் ஆஃப் நியூயார்க் மெலனும் எச்.எஸ்.பி.சி.யும் சேர்ந்து நடத்திய இந்த வழக்கில், 2012-இல் முதல்நிலைத் தீர்ப்பாயம் வங்கிகளின் பக்கம் நின்றது. ஆணை தடுப்பது ஐரோப்பியக் கம்பெனி மூலதனம் திரட்டுவதன் மேலான வரியை. பங்கைப் பெறும் டெபாசிட்டரி பாரிஸில் இருக்கிறதா நியூயார்க்கில் இருக்கிறதா என்பது அந்தத் தடையை மாற்றாது. அரசு மேல்முறையீடு செய்யவில்லை. 2012 ஏப்ரலில், உலகின் எந்த மூலையிலுள்ள டெபாசிட்டரிக்கும் கிளியரிங் அமைப்புக்கும் வெளியிடும் புதுப் பங்குகளுக்கு இனி 1.5 சதவீதம் கேட்பதில்லை என்று வருவாய்த் துறை அறிவித்து, ஏற்கெனவே கட்டியவர்கள் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம் என்றது.

வெளியீட்டின் மேல் வரி போயிற்று; ஏற்கெனவே இருக்கும் பங்கை டெபாசிட்டரிக்கு மாற்றுவதன் மேல் வரி நின்றது. இதன் எல்லையைச் சோதித்தது ஏர் பெர்லின் என்ற விமான நிறுவனம். தலைமையிடம் பெர்லினில் இருந்தாலும் சட்டப்படி அது இங்கிலாந்தில் பதிவான கம்பெனி. 2006-இல் ஃபிராங்ஃபர்ட் சந்தையில் பட்டியலில் சேர்ந்தபோது, ஜெர்மானிய விதிப்படி அதன் பங்குகள் கிளியர்ஸ்ட்ரீமின் நாமினி பெயருக்கு மாற வேண்டியிருந்தது. யாரும் எதையும் விற்கவில்லை. பயன் அனுபவிக்கும் உரிமை பழைய பங்குதாரர்களிடமே இருந்தது. பதிவேட்டில் பெயர் மட்டும் மாறியது. அதற்கும் வருவாய்த் துறை 1.5 சதவீதம் வாங்கியிருந்தது. 2009-இல் புதுப் பங்கு வெளியிட்டபோதும் அப்படியே. 2017 அக்டோபர் 19-இல் ஐரோப்பிய நீதிமன்றம் இரண்டையும் செல்லாது என்றது: பட்டியலில் சேர்வதற்காக மட்டுமே செய்யும், உண்மையான உரிமை மாறாத மாற்றம் பட்டியலில் சேர்வதன் ஒரு பகுதியே, அதன் மேல் வரி கூடாது. அந்த ஆகஸ்டிலேயே ஏர் பெர்லின் திவாலாகியிருந்தது. தீர்ப்பு வந்த எட்டாம் நாள் அதன் கடைசி விமானம் பறந்தது.

இதற்குள் பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு விலக முடிவெடுத்திருந்தது. 1.5 சதவீத வரியைத் தடுத்து நின்றது ஐரோப்பிய ஆணை. பிரிட்டிஷ் சட்டப் புத்தகத்தில் 1986-ஆம் ஆண்டு விதி அப்படியே எழுதப்பட்டிருந்தது. தடை நீங்கினால் வரி தானாக உயிர்பெறும். 2017 நவம்பர் பட்ஜெட்டில் நிதியமைச்சர் பிலிப் ஹாமண்ட், விலகிய பின்னும் இந்த வரியை மறுபடி கொண்டுவருவதில்லை என்று உறுதி கொடுத்தார். 2018-ஆம் ஆண்டு விலகல் சட்டம், ஐரோப்பிய ஆணைகள் தந்த நேரடி உரிமைகளைப் பிரிட்டிஷ் சட்டத்துக்குள் காத்துவைத்ததால், 2020 முடிவில் இடைக்காலம் தீர்ந்த பிறகும் நிலைமை மாறவில்லை. சிக்கல் வந்தது 2023-இல். தக்கவைத்த ஐரோப்பிய உரிமைகளை அந்த ஆண்டின் இறுதியோடு நீக்கும் சட்டம் நிறைவேறியபோது, லக்சம்பர்க் தீர்ப்புகள் கொடுத்த பாதுகாப்பும் 2023 டிசம்பர் 31 நள்ளிரவோடு போய்விடும் நிலை.

அந்த இடைவெளி விழாமல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே பார்த்துக்கொண்டது. 2024 பிப்ரவரி 22-இல் அரச ஒப்புதல் பெற்ற 2024 நிதிச் சட்டம், 2024 ஜனவரி 1 முதல் செல்லும்படியாக, டெபாசிட்டரிகளுக்கும் கிளியரிங் அமைப்புகளுக்கும் புதுப் பங்கு வெளியிடுவதன் மேலான 1.5 சதவீத வரியை எடுத்துவிட்டது. மூலதனம் திரட்டும் ஏற்பாட்டின் பகுதியாக நடக்கும் மாற்றங்களுக்கும், ஏர் பெர்லின் வழக்கில் கண்டதுபோல் பட்டியலில் சேர்வதற்காக உண்மையான உரிமை மாறாமல் நடக்கும் மாற்றங்களுக்கும் விலக்கு தந்தது. பழைய பங்கை வேறு காரணங்களுக்காக டெபாசிட்டரி ரசீதாக்கினால் ஒன்றரை சதவீதம் இன்றும் உண்டு. அந்த எண்ணுக்கு மூலமான, கையில் இருப்பவருக்குரிய பங்குப் பத்திரத்தை பிரிட்டன் 2015-இலேயே தடை செய்துவிட்டது. சாதாரணக் கைமாற்றத்தின் மேலான அரை சதவீதம் 1986-இல் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் அது கருவூலத்துக்கு ஆண்டுக்கு 300 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்துவருகிறது.